குடமுழுக்குக்கு முன் ஒரு தும்மல்

தை மாதத்து வியாழக்கிழமை. குளத்தின் அக்கரையில் சிவன் கோயில் யாகசாலையிலிருந்து நாகசுரம் எழுந்து, தவில் அதைத் துரத்திப் பிடித்த அந்த மாலைப் பொழுதில், இக்கரையிலிருந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாம் தளத்தில் தமிழினி தும்மினாள்.

ஏழு வயதுக் குழந்தையின் தும்மல்தான். ஆயினும் கோகிலவாணிக்கு அது போர்முரசாகக் கேட்டது. சன்னலோரம் நின்று, சுருதிப் பெட்டியோடு இழைந்து, பதிகத்தின் நான்காம் பாட்டில் ஏறிக்கொண்டிருந்தவள் ஏறிய இடத்திலேயே நின்றுவிட்டாள். பள்ளிப் பையைக்கூடக் கழற்றாத மகள் கூடத்தின் நடுவே மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அடுத்த தும்மலுக்கு முகத்தைக் கோணினாள்.

"வாணி, பாட்டை நிறுத்து! ஜன்னலை நல்லாத் தொற! பாப்பா, நீ அங்கேயே நில்லு, அசையாத!" என்று அடுக்களையிலிருந்து பாய்ந்து வந்தான் அவள் கணவன் தயாளன்.

அவன் அவ்வளவு பதறியதற்குக் காரணம் இருந்தது. ஞாயிறு காலை குடமுழுக்கு. கோபுரக் கலசங்களின்மீது புனித நீர் சொரியப்படும் அந்தச் சில நிமிடங்களில், சாரத்தின் உச்சியில் நின்று ஊர்ப் பதிகத்தைப் பாடும் பேறு இம்முறை கோகிலவாணிக்கு வாய்த்திருந்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நடந்த குடமுழுக்கின்போது அவள் கீழ்க்கட்டளைக்கு வாழவந்த புதுப்பெண். அன்று பதிகத்தைக் குறுந்தட்டில் ஒலிக்கவிட்டார்கள். நீர் கலசத்தில் விழும் நேரம் பார்த்துத் தட்டு சிக்கிக்கொண்டு, "நீரெலாம், நீரெலாம், நீரெலாம்" என்று அரற்றியது. கூட்டம் கைகொட்டிச் சிரித்தது. இறைவன் நீராடும் வேளையில் அவனை அழைக்க உயிருள்ள ஒரு குரல் இல்லாமற் போயிற்றே என்று அவள் ஒருத்திக்கு மட்டும் நெஞ்சு நொந்தது. அடுத்த மாதமே ஓதுவார் சுந்தரராமனின் மாலை வகுப்பில் போய் அமர்ந்தாள். வங்கி வேலையும் பிள்ளைப்பேறும் இடையில் வந்தன, பாட்டு நிற்கவில்லை. சென்ற ஆண்டு கோயில் குழுவினர் அவளுக்கு அரக்கு நிறத்தில் கம்பளிச் சால்வை ஒன்றைப் போர்த்திப் பாராட்டினார்கள். கீழ்க்கட்டளைப் புழுக்கத்தில் கம்பளி எதற்கு என்று தயாளன் கேலி செய்தபோதும், அந்தச் சால்வையை அவள் பட்டுப் புடவைகளின் நடுவே வைத்துப் பாதுகாத்தாள்.

இத்தனை ஆண்டுக் காத்திருப்பும் இப்போது ஒரு பிஞ்சு மூக்கின் நுனியில் துளித்து நின்றது.

தயாளன் தாம்பரம் சானடோரியத்து ஏற்றுமதி வளாகத்தில் ஒரு தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டு மேற்பார்வையாளன். எதையும் பகுத்துப் பிரித்தால்தான் அவனுக்கு மூச்சு வரும்.

"இந்த நிமிஷத்துலேருந்து வீடு ரெண்டு ஜோன்" என்று அறிவித்தான். "முன் ரூம் கிரீன். பின் ரூம் ரெட். வாணி, நீ கிரீனை விட்டு வெளியில வரக்கூடாது. பாப்பா ரெட். நான் நடுவுல."

"நான் ஏன் ரெட்டு? நான் என்ன பண்ணேன்?" என்று தமிழினி உதட்டைப் பிதுக்கினாள்.

"ரெட்டுன்னா வி.ஐ.பி.டா கண்ணு."

"அப்ப அம்மா வி.ஐ.பி. இல்லியா?"

கோகிலவாணிக்குச் சிரிப்பு பீறிட்டது. "என்னங்க, குழந்தைக்குச் சளிதான் பிடிச்சிருக்கு. அவளை மிரட்டாதீங்க" என்றாள். ஆனால் அவளுடைய கை தன்னையறியாமல் தொண்டையைத் தொட்டுப் பார்த்தது.

அரைமணிப் பொழுதில் வீடு கோட்டையாயிற்று. தம்ளர்களின் கழுத்தில் வண்ண நூல்கள் ஏறின. கை கழுவும் தொட்டியில் புதுச் சோப்பு வந்தது. ஆளுக்கொரு துண்டு, ஆளுக்கொரு கொக்கி. கதவுக் கைப்பிடி, விளக்குப் பொத்தான், தொலைக்காட்சியின் ரிமோட் யாவும் துடைக்கப்பட்டன. தமிழினிக்கு முழங்கை மடிப்பில் தும்மும் பயிற்சி நடந்தது. "துண்டுல மூக்கைத் தொடைக்கக் கூடாது. சட்டையில தொடைக்கக் கூடாது. கர்ட்டன்ல தொடைக்கவே கூடாது!" என்று தயாளன் ஒவ்வொன்றாய் விலக்கினான். குழந்தை கருத்தாகத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டது.

அப்போது அழைப்புமணி ஒலித்தது. குடமுழுக்குக் காண்பதற்காகக் குன்றத்தூரிலிருந்து பேருந்து மாறி வந்த தயாளனின் தமக்கை செல்லியம்மாள், இரு கைகளிலும் பைகளோடு வாசலில் நின்றாள். தம்பி அவள் உள்ளங்கையில் கிருமிநாசினியைப் பீச்சினான்.

"இன்னாடா தயாளா, வாசல்லியே மருந்து அடிக்கிற? நான் இன்னா கொசுவா?"

"பாப்பாவுக்குச் சளிக்கா. ஞாயித்துக்கெழமை வாணி பாடணும்."

இதைக் கேட்டதும் செல்லியம்மாளின் கண்கள் ஒளிர்ந்தன. அவளைக் கவலைப்பட வைக்கும் செய்தியாக இது இல்லை. அவளுக்கு வேலை கொடுக்கும் செய்தியாக இருந்தது. "அத்த எங்கிட்ட வுடு" என்று பைகளைக் கவிழ்த்தாள். நொச்சித் தழை, ஓமவல்லி, துளசி, சுக்கு, மிளகு, பனங்கற்கண்டு என்று கூடமே ஒரு குன்றின் சாரலாக மணந்தது. நொச்சிக் கொத்தைக் கையில் எடுத்த கோகிலவாணிக்கு உடல் சிலிர்த்தது. பழந்தமிழ் மரபில் மதிலைக் காத்து நிற்கும் வீரர் சூடிய பூ நொச்சி. காக்கவேண்டிய கோட்டை தன் கழுத்துக்குள் இருக்க, காவலர் மாலை அண்ணியின் மஞ்சள் பையில் வந்திறங்கியது நல்ல நிமித்தமாகவே அவளுக்குத் தோன்றியது.

"எல்லாரும் ஆவி புடிக்கணும். சளி வந்தவளுக்கு அது போவும், வராதவங்களுக்கு அது வராது" என்று செல்லியம்மாள் அடுப்பில் பெரிய பாத்திரத்தை ஏற்றினாள். "போத்திக்க தடிமனா இன்னா கீது வூட்ல?"

"பெட்ஷீட்தான்கா. இங்க அடிக்கிற புழுக்கத்துல கம்பளிய யாரு வாங்குவா?"

"பெட்ஷீட்ல ஆவியெல்லாம் வெளிய பூடும்டா."

கோகிலவாணி ஒரு கணம் தயங்கினாள். பிறகு பீரோவைத் திறந்து அந்த அரக்குச் சால்வையை எடுத்து வந்து நீட்டினாள். செல்லியம்மாள் அதைத் தடவிப் பார்த்து மகிழ்ந்தாள். "அம்மாடி! கோயில்ல போத்தனதா? அப்ப இன்னிக்கு இந்த வூட்ல எல்லாருக்கும் பாராட்டு விழா!"

விழா தொடங்கியது. முதலில் தமிழினி அத்தையின் மடியில் அமர்ந்தாள். இருவரையும் சால்வை மூடிற்று. உள்ளிருந்து இருமலும் சிரிப்பும் "அத்த, சூடு!" என்ற கூவலும் மூன்று நான்கு தும்மல்களும் வந்தன. அடுத்துத் தயாளன் புகுந்து, கண் சிவக்க, முகம் வழிய வெளிவந்தான். கடைசியாகக் கோகிலவாணியின் தலைமீது அண்ணி சால்வையைப் போர்த்தி, "எங்க வூட்டுக் குயிலுக்கு ஒரு கொறையும் வரக்கூடாது, முருகா!" என்று குன்றத்தூர் மலையிருந்த திசை நோக்கிக் கைகூப்பினாள். ஈரத்தில் கனத்த கம்பளிக்குள் நொச்சி மணத்தில் கோகிலவாணி ஆழ மூச்சிழுத்தாள். மூக்கின் அடைப்புகள் யாவும் திறந்து, தலைக்குள்ளே ஒரு கோபுர வாயில் அகன்றது போலிருந்தது. வெளியே வந்ததும் நான்காம் பாட்டை எடுத்தாள். குரல் தேனாய் இறங்கியது.

"பார்த்தியாடா!" என்றாள் செல்லியம்மாள். தயாளன் தன் தரக்கட்டுப்பாட்டு முகத்தோடு தலையசைத்து ஏற்றான். எல்லாத் துண்டுகளும் தனித்தனிக் கொக்கியில் தொங்கினவா என்று அவன் மறுபடி ஒருமுறை சரிபார்த்துவிட்டுத்தான் உறங்கப் போனான்.

வெள்ளிக்கிழமை குழந்தையின் மூக்கு அருவியாயிற்று. இலேசாக உடல் சுட்டது. எதிர்வீட்டு ஜஹீரா, கறிவேப்பிலை மணக்கும் கஞ்சியோடு கதவைத் தட்டினாள். பல்லாவரத்தில் ஒரு மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் அவள் செவிலி. கோகிலவாணிக்கு உற்ற தோழி. பதிகம் அவளுக்கும் பாதி மனப்பாடம், சுவர் வழியாகக் கேட்டுக் கேட்டே. குழந்தையின் மார்பில் காதை ஒட்டிக் கேட்டு, கன்னத்தைக் கிள்ளினாள்.

"ஒண்ணுமில்லக்கா, சாதாரணச் சளி. நல்லாத் தூங்கட்டும், வெதுவெதுப்பாக் குடிச்சிக்கிட்டே இருக்கட்டும். மூக்குக்கு உப்புத் தண்ணி சொட்டு மருந்து போதும். இருமினா ராத்திரி ஒரு ஸ்பூன் தேன் கொடுங்க. காய்ச்சல் மூணு நாளைக்கு மேல போனாலோ, மூச்சு வாங்கினாலோ, சாப்பிடவே மாட்டேன்னாலோ டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போயிடணும்."

"நேத்து ஆவி புடிச்சோமே" என்று செல்லியம்மாள் பெருமையோடு சொன்னாள்.

"குழந்தைக்குமா? வேணாம்கா. கொதிக்கிற பாத்திரம் கவிழ்ந்து வெந்துபோன பிள்ளைங்கள நான் வார்டுல பார்த்திருக்கேன். பெரியவங்க புடிச்சா மூக்குக்கு இதமா இருக்கும், அவ்ளோதான். அது சளி வராமத் தடுக்காது."

"இன்னாம்மா இப்டி சொல்ற? எங்க வம்சமே ஆவியில வளந்தது."

"அதான் உங்க தம்பி இப்டிப் புகையுறாரா?" என்றாள் ஜஹீரா. செல்லியம்மாள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். அதன்பின் அவர்கள் இருவருக்கும் நல்ல நட்பு உண்டாகி, அன்று மாலை மிளகு ரசமும் கஞ்சியும் கதவு தாண்டி இடம் மாறிக்கொண்டன.

சனிக்கிழமை விடியலில் கோகிலவாணி விழித்தபோது, எச்சிலை விழுங்க முடியவில்லை. தொண்டைக்குள் யாரோ நெல் உமியைத் தூவிவிட்டாற்போல் உறுத்தியது. சன்னலுக்கு வெளியே கோபுரம் இளமஞ்சள் வெயிலில் புது வண்ணம் பூசி நின்றது. பதிகத்தின் முதலடியை எடுத்துப் பார்த்தாள். பாதி வார்த்தையில் குரல் பிளந்தது.

அவள் கட்டிலில் அப்படியே உட்கார்ந்தாள். நாளை காலை. இன்னும் ஒரே பகல், ஒரே இரவு.

"என்னாச்சு?" என்று வந்த தயாளன் தன் மூக்கையும் உறிஞ்சினான். அவனுடைய கண்களும் கலங்கியிருந்தன. "எப்படி? எப்படி இது நடக்கும்? கிளாஸ் தனி, துண்டு தனி, சோப்பு தனி. எங்க லீக்கேஜ்? எனக்குப் புரியணும்!" என்று கூடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

அந்நேரம் பின்னறையிலிருந்து தமிழினி வந்தாள். காய்ச்சல் விட்டு முகம் தெளிந்திருந்தது. தோளில் அரக்குச் சால்வை, அரசியின் மேலாடை போலத் தரையில் இழுபட்டது. அதன் நுனியை எடுத்து, மூக்கைத் துடைத்து, மறுபடி கீழே விட்டாள்.

மூன்று பெரியவர்களும் அந்த நுனியையே பார்த்தார்கள்.

"பாப்பா," என்றான் தயாளன் மெல்ல, "அதுல எப்பலேருந்து மூக்கைத் தொடைக்கிற?"

"ஆவி புடிச்சேன்ல, அப்பலேருந்து. நீதானேப்பா சொன்ன, துண்டுல தொடைக்கக் கூடாது, சட்டையில தொடைக்கக் கூடாது, கர்ட்டன்ல தொடைக்கவே கூடாதுன்னு. சால்வைய நீ சொல்லவே இல்ல."

தயாளன் நாற்காலியில் சரிந்தான். கோட்டையின் எல்லாக் கதவுகளையும் அடைத்துவிட்டு, பகைவனை மருந்துப் பாத்திரத்தோடு மரியாதையாய்ச் சால்வை போர்த்தி உள்ளே அழைத்து வந்த கதை அவனுக்கு இப்போது முழுதாக விளங்கியது. செல்லியம்மாளின் முகம் வெளிறியது. "நான்தான் பாவி. நான்தான் உன் தலைமேல போத்தினேன்" என்று தலையில் அடித்துக்கொள்ளக் கை ஓங்கினாள். கோகிலவாணி பாய்ந்து அந்தக் கையைப் பிடித்தாள். எதிரே நின்ற முகத்தைப் பார்த்தபோது அவளுக்குக் கோபம் எழவில்லை. முருகனை வேண்டிக்கொண்டு போர்த்தியவள் அல்லவா இவள்? "அண்ணி, சால்வைய எடுத்துக் குடுத்தது நான்" என்று கரகரத்தாள். அந்தக் கரகரப்பைக் கேட்டதும் அண்ணி இன்னும் அழுதாள்.

ஜஹீரா வந்தாள். விவரம் கேட்டு முதலில் ஒரு நிமிடம் சிரித்தாள். பிறகு கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"அக்கா, இன்னிக்கு முழுக்கப் பேசாதீங்க. கிசுகிசுன்னும் பேசக்கூடாது, அது தொண்டைக்கு இன்னும் கெடுதல். வெந்நீர் குடிங்க, உப்புத் தண்ணியில கொப்பளிங்க, தூங்குங்க."

"மெடிக்கல்ல கேட்டு ஆன்டிபயாட்டிக் வாங்கிட்டு வரட்டுமா?" என்று தயாளன் செருப்பை மாட்டினான்.

"சளிக்கு அது எதுக்குண்ணா? வைரஸ் அதைச் சட்டையே பண்ணாது. செருப்பைக் கழட்டுங்க."

"அப்ப நாளைக்குக் குரல் வந்துடுமா?"

ஜஹீரா தோழியின் முகத்தைப் பார்த்தாள். பொய் சொல்ல அவளால் முடியவில்லை. "பாதி வரலாம். முழுசா வராது."

பாதிக் குரல். கோகிலவாணி வெந்நீர்த் தம்ளரை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு சன்னலில் அமர்ந்தாள். பாதிக் குரலிலும் பாடலாம். ஐந்து கட்டைச் சுருதியில் பாடுபவள் நாலுக்கு இறங்கினால் நாதம் தாங்கும். அதற்கு அவள் துணிந்துவிட்டாள். அவளை வாட்டியது வேறொன்று. சாரத்தின் உச்சியில் பலகை இருவர் நிற்கும் அளவே அகலம். பக்கத்தில் நின்று அடியெடுத்துக் கொடுக்கப்போகிறவர் ஓதுவார் சுந்தரராமன். எழுபது கடந்தவர், கார்த்திகை மழையில் நெஞ்சுச் சளி முற்றி மருத்துவமனையில் கிடந்து, இப்போதுதான் எழுந்து நடமாடுகிறார். இருவருக்கும் ஒரே ஒலிவாங்கி. இந்தச் சளியை அந்த நெஞ்சுக்கு அவள் எப்படிக் கொண்டு போவாள்? இறைவனுக்குப் பாடப்போய், அவன் அடியார் ஒருவரின் மூச்சுக்கு ஊறு செய்தால் அந்தப் பாட்டு எந்தச் சந்நிதியில் ஏறும்?

மேலே ஏறுவதில்லை என்று அக்கணமே முடிவு செய்தாள். கைபேசியில் தட்டி ஓதுவாருக்கு அனுப்பினாள். விடை உடனே வந்தது: 'அம்மா, நீ சொல்வது சரி. ஆனால் பாடாமல் இருந்துவிடாதே.'

மாலையில் கோயில் குழுத் தலைவர் கேசவன் வந்தார். ஊரின் பழைய உழவர் குடும்பம். இந்தக் குடியிருப்பு நிற்கும் இடமே ஒருகாலத்தில் அவர்கள் கழனி. அவருடன் ஒலிபெருக்கி அமைக்கும் பாலு, தோளில் ஒயர்ச் சுருளோடு வந்தான்.

"இன்னாம்மா, ஊரெல்லாம் நோட்டீஸ் அடிச்சாச்சி, உன் பேரப் போட்டு. இப்ப மேல ஏற மாட்டேன்றியாமே?"

கோகிலவாணி கைபேசியில் தட்டினாள். தயாளன் வாங்கி உரக்கப் படித்தான்: "ஓதுவார் ஐயா பக்கத்துல நான் நிக்கக்கூடாதுண்ணா. அவருக்குச் சளி ஒட்டிக்கும்."

"அதுவும் நியாயந்தான். அப்ப பென் டிரைவ்ல போட்டுரலாம். இன்னாடா பாலு?"

"போட்டுரலாம்ணா. போன தபா மாரி சிக்காது. இது டிஜிட்டலு."

கோகிலவாணிக்குள் ஏதோ பற்றிக்கொண்டது. அவள் எழுந்தாள். சன்னலுக்கு வெளியே கோபுரத்தைக் காட்டினாள். பிறகு விரலை நிமிர்த்தித் தன் தலைக்கு மேலே, மொட்டை மாடியைக் காட்டினாள்.

கேசவன் விழித்தார். "இன்னா சொல்லுது?"

ஆனால் பாலு ஏற்கனவே சன்னலுக்கு வந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். மொட்டை மாடியும் கலசமும் ஏறக்குறைய ஒரே உயரம். நடுவே குளம் மட்டும். "அண்ணா, அக்கா இங்கேர்ந்தே பாடட்டும்! தனி மைக்கு. ஒயரு எங்கிட்ட கீது, கொளத்தச் சுத்தி இஸ்துகினு வந்துர்றேன். பாட்டு எங்கேர்ந்து வந்தா இன்னா, குழாயில ஒண்ணுதானே கேக்கும்!"

"மொட்ட மாடிலேர்ந்து சாமிக்குப் பாட்டா?" என்று கேசவன் தாடையைச் சொறிந்தார்.

அதுவரை மூலையில் சுருண்டிருந்த செல்லியம்மாள் முன்னால் வந்தாள். "ஏங்க, சாமிக்கு இன்னா காது மந்தமா? குன்றத்தூரு மலை மேல நிக்கிறவருக்கு அடிவாரத்துலேர்ந்து கூப்புட்டாலே கேக்குது. கொளத்துக்கு இந்தாண்டேர்ந்து கூப்புட்டா உங்க சிவனுக்குக் கேக்காதா?"

கேசவன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு இரு கைகளையும் உயர்த்தினார். "இஸ்துகினு வாடா பாலு ஒயர!"

ஞாயிறு விடிந்தபோது கீழ்க்கட்டளையில் தரை தெரியவில்லை; தலைகளே தெரிந்தன. மேடவாக்கம் சாலைவரை வண்டிகள் நின்றன. தண்ணீர் லாரிகளின் முதுகிலும் ஆட்கள் ஏறியிருந்தார்கள். குளத்தைச் சூழ்ந்த ஒவ்வொரு மொட்டை மாடியும் ஓர் அரங்காகி, குடையும் கைபேசியுமாய் நிரம்பி வழிந்தது. இந்தக் குடியிருப்பின் மொட்டை மாடியில், மேற்குச் சுவரோரம் ஜஹீரா நின்று கை அசைத்தாள்.

கோகிலவாணி மொட்டை மாடியின் கிழக்கு மூலையில் தனியே நின்றாள். பாலு நாட்டிய ஒலிவாங்கி அவள் ஒருத்திக்கு உரியது. மூக்கு அடைத்திருந்தது. தொண்டை கனத்திருந்தது. ஆனால் நெஞ்சு மட்டும் தேரோட்ட நாளின் வீதியாய் ஆரவாரித்தது. ஒரு பகலும் ஓர் இரவும் ஒரு சொல்லும் பேசாமல் கட்டிவைத்த குரல், கன்று தாயைக் கண்டதுபோல் உள்ளே முட்டியது.

யாகசாலையிலிருந்து குடங்கள் புறப்பட்டன. மேளம் உச்சத்தில் ஏறியது. சிவாச்சாரியார்கள் சாரத்தில் ஏறுவதும், அவர்களிடையே ஓதுவாரின் வெண்தலை அசைவதும் குளத்துக்கு இப்பால் தெளிவாகத் தெரிந்தன. அவர் இவள் பக்கம் திரும்பி ஒரு கையை உயர்த்தினார்.

"கருடன்! கருடன்!" என்று கூட்டம் வானத்தைக் காட்டிக் கூவியது. செம்பழுப்புப் பறவை ஒன்று கோபுரத்தை வட்டமிட்டது. கலசத்தின்மீது நீர் விழுந்தது.

கோகிலவாணி வாய் திறந்தாள்.

அவளுக்கே அது தன் குரலாகப் படவில்லை. நாலு கட்டையில் இறங்கி, சளியின் கனத்தோடு, ஆழ்கிணற்றுக்குள்ளிருந்து நீர் சேந்துவது போல் வந்தது. இனிமை குறைந்திருந்தது; அதன் இடத்தில் உருக்கம் நிறைந்திருந்தது. முதற்பாட்டு முடிந்து, ஒவ்வொரு பாட்டின் ஈற்றிலும் திரும்பி வரும் அந்த அடி ஒலிபெருக்கிகள்தோறும் பரவியது:

"நீரெலாம் ஆனவன் நிழலடி சேர்வோமே!"

இரண்டாம் பாட்டு, மூன்றாம் பாட்டு. நான்காம் பாட்டில் குரல் மேலே ஏறவேண்டும். ஏறினாள். ஏறிய இடத்தில் குரல் உடைந்தது. ஒரு நொடி. வெறும் காற்றுதான் வந்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் சிக்கிய தட்டின் நினைவு அவளைச் சுட்டது.

"நீரெலாம் ஆனவன்..."

மாடியின் மேற்குச் சுவரோரத்திலிருந்து ஒரு பெண் குரல். சுவர் வழியே கேட்டுக் கேட்டுப் படிந்த பாட்டு. ஜஹீராதான். அதை அடுத்த மாடி எடுத்தது. அதற்கடுத்த மாடி எடுத்தது. லாரியின் முதுகு எடுத்தது. குளத்தின் நாலு கரையும், சாரத்தின் உச்சியில் நின்ற ஓதுவாரும், கீழே நெருங்கி நின்ற ஆயிரம் தொண்டைகளும் ஒன்றாகி, "நிழலடி சேர்வோமே!" என்று அந்த அடியை விண்ணுக்கு ஏற்றின. கோகிலவாணியின் கண்களில் நீர் பெருகியது. அந்த அலையின் மீதே ஏறி அவள் ஐந்தாம் பாட்டை எடுத்தாள். இனி அவள் பாட்டைச் சொன்னாள். ஊர் ஈற்றடியைச் சொன்னது. தட்டில் ஒலித்திருந்தால் ஊர் சும்மா கேட்டுக்கொண்டு நின்றிருக்கும். முழுக்குரலில் பாடியிருந்தாலும் கைதட்டிவிட்டுக் கலைந்திருக்கும். உயிருள்ள ஒரு குரலை வேண்டி நின்றவளுக்கு இறைவன் ஊரின் குரல் முழுவதையும் கொடுத்தான்.

பதிகம் முடிந்ததும் கோபுரத்திலிருந்து நீரைக் கூட்டத்தின்மீது பீய்ச்சினார்கள். காற்று திசை மாறி, குளம் தாண்டி, மாடிகளையும் நனைத்தது. மக்கள் கைகளை ஏந்தி ஆர்ப்பரித்தார்கள்.

"தலைய தொவட்டுங்க, தலைய தொவட்டுங்க!" என்று செல்லியம்மாள் மாடிப் படியில் ஓடி வந்தாள். கையில் நான்கு புதுத் துண்டுகள், நான்கு நிறத்தில். "இது பாப்பாவுது. இது தயாளன்து. இது உன்னுது. யாராவது மாத்தினீங்க, கைய ஒடிப்பேன்!"

மூச்சு வாங்க மாடியேறி வந்தார் கேசவன். பின்னால் ஒரு தாம்பாளம். அதன்மேல் மடிப்புக் கலையாத கம்பளிச் சால்வை, பச்சை நிறம். "ஊர் சார்பா உனக்குப் போத்தணும்மா" என்று அதை விரித்துக்கொண்டு நெருங்கினார்.

கோகிலவாணி இரண்டு எட்டு பின்வாங்கிக் கை கூப்பினாள். "அங்கேயே இருங்கண்ணா. எனக்கு இன்னும் சளி போகல."

"அப்ப யாரு போத்தறது?"

"குடுங்க," என்று மூக்கை உறிஞ்சியபடி தயாளன் முன்வந்தான். "ரெண்டு பேரும் ரெட் ஜோன்தான்." சால்வையை வாங்கி மனைவியின் தோளில் போர்த்தினான்.

"அம்மா," என்று தமிழினி அதன் நுனியைத் தொட்டுப் பார்த்தாள். "இதுல மூக்கு..."

"கூடாது!" என்று மாடியே ஒரே குரலில் கூவியது.